நிழல் தேடும் இலைகளோடு நீலகிரிக்கு

கும்பகோணம்

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, நிழல் என்பது வெயிலுக்கு எதிராக எழுப்பிய அரண் என்பதற்கு மேல் வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க அவசியமே நேர்வதில்லை. மாசி பிறந்துவிட்டால் அறுவடை முடிந்த வயல்களின் மேல் கானல் ஓடத் தொடங்கும். வாய்க்கால் மதகடியில் தழைத்திருக்கும் சேம்பு இலைகள்கூட உச்சிப் பொழுதில் துவண்டு, அந்தி சாயும் வேளையில்தான் மறுபடி நிமிரும். அந்த உஷ்ணத்துக்கு அஞ்சித்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் வைத்துக் கட்டினார்கள்; அந்தத் தாழ்வாரத்தில்தான் என் மனைவி, பூவுக்காக அல்லாமல் இலைக்காகவே போற்றப்படும் செடிகளை வரிசையாகத் தொட்டிகளில் வைத்துப் பராமரித்து வருகிறாள்.

பூவுக்கு இரண்டு நாள் வாழ்வு. இலைக்கோ மாதக் கணக்கில் ஆயுள் என்பது அவளுடைய சித்தாந்தம். சிவப்பு நரம்போடு வெள்ளையும் பச்சையும் கலந்து விரியும் கலேடியம், பட்டுத் துணியைக் கத்தரித்து ஒட்டியது போன்ற கோலியஸ், வெள்ளிப் பூச்சுப் பூசிய அக்லோனிமா, இலையின் மேற்பரப்பில் யாரோ தூரிகையால் வேறோர் இலையை வரைந்துவிட்டுப் போனது போலத் தோன்றும் கலேதியா ஆகியவையெல்லாம் அங்கே உண்டு. இவற்றில் கலேடியம் மார்கழியில் இலை மஞ்சளித்து மடிந்து, கிழங்காகி, உலர்ந்த மணலில் புதைந்து மாடிப்படிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். கலேதியா தூங்காது; ஆனால் நோகும். நேர் வெயில் அதன் மேல் ஒரு கணமும் படுவதில்லை, வேருக்குத் தண்ணீர் தவறுவதில்லை, இருந்தும் ஒவ்வோர் இலையின் விளிம்பும் தீய்ந்து பழுப்பேறிப் போகும். நிழலில் இருக்கும் செடி எப்படிக் கருகும் என்ற அவளுடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நீலகிரிக்குப் போவதென்று முடிவானபோது, மலையின் ஒவ்வொரு படியிலும் இந்த ஜாதிச் செடிகள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்துக்கொண்டே ஏறலாமே என்று அவள்தான் சொன்னாள்.

கல்லாறு

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தை நெருங்க நெருங்க, பாக்குத் தோப்புகள் சாலையை இருபுறமும் நெருக்கிக்கொண்டு வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் உயரம். குளிர்ச்சி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இன்னும் தொடங்கவில்லை. ஆயினும் சாலையிலிருந்து இறங்கித் தோப்புக்குள் பத்தடி நடந்ததும், காற்று முகத்தில் ஈரமாகப் பட்டது. கல்லாற்றின் நீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து மரங்களின் காலடியில் ஓடிக்கொண்டிருக்க, உயரே பாக்கு மட்டைகள் வெயிலைச் சல்லடையிட்டுக் கொட்டிக்கொண்டிருந்தன.

அந்தத் தோப்பின் ஓரத்தில் நாற்றுப் பண்ணை நடத்தும் அம்மாள், கொங்கு நாட்டுக்கே உரிய உபசாரத்தோடு எங்களை வரவேற்று, விற்பதற்கு முன்னால் உட்காரச் சொன்னார். பண்ணையில் பாதி பச்சை வலைக்குக் கீழேயும் பாதி பாக்கு மரங்களுக்குக் கீழேயும் இருந்தது. கலேதியாத் தொட்டிகள் எல்லாம் மரங்களின் பக்கம். வலைக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. இதற்குக் காரணம் என்னவென்று என் மனைவி கேட்டாள்.

“வலை வெளிச்சத்தத்தான் கொறைக்குமுங்க, சூட்டக் கொறைக்காது. இந்தச் செடிக்கு வெய்யலு மட்டுமில்லீங்க, வறண்ட காத்தும் ஆகாது. நீங்க தண்ணிய வேர்ல ஊத்துறீங்க, அது காத்துல கேக்குதுங்க” என்றார் அவர்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து வழக்கு இத்தனை சுருக்கமாகத் தீர்ப்பாகிவிடும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தென் அமெரிக்க மழைக்காடுகளில், பெருமரங்களின் அடியில், ஆண்டு முழுவதும் நீராவி நிறைந்த அசைவற்ற காற்றில் வாழப் பழகிய செடி அது. மங்கிய ஒளியை ஒரு துளியும் தவறவிடாமல் ஏந்திக்கொள்வதற்காக இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரித்து வைத்திருப்பதே அதன் தந்திரம். அந்த அகலமே வறண்ட காற்றில் அதற்குச் சத்துருவாகிவிடுகிறது. விளிம்புவரை நீர் போய்ச் சேர்வதற்குள் காற்று அதை உறிஞ்சிக்கொண்டுவிட, தீயில்லாமலே இலை தீய்ந்துபோகிறது. ஒளியைத் தடுத்தால் நிழல் கிடைத்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். செடியின் கணக்கில் ஒளி பாதி, காற்றின் ஈரம் மறுபாதி.

இதற்கு அந்த அம்மாள் செய்யும் பரிகாரங்கள் எளியவை. தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல், ஒன்றன் மூச்சு மற்றொன்றின் மேல் படும்படி நெருக்கி வைக்கிறார்; தரையில் ஆற்று மணல் பரப்பிக் காலையிலும் பிற்பகலிலும் அதை நனைக்கிறார்; தென்னை நார்க் கழிவும் இலை மக்கும் கலந்த மண்ணைத் தவிர வேறெதிலும் இவற்றை நடுவதில்லை. மதியம் அவர் வீட்டிலேயே அரிசிம்பருப்புச் சாதம். அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மணக்க, நெய்யும் தயிருமாகப் பரிமாறிய அந்த ஒரே பதார்த்தத்தின் முன்னால், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று சுற்றி வளைக்கும் எங்கள் தஞ்சை ஜில்லாச் சாப்பாடு சற்று ஆடம்பரமாகத்தான் தோன்றியது.

பர்லியாறு

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிச் சிறிது தூரம் ஏறியதும் பர்லியாறு. ஜாதிக்காய், கிராம்பு, மங்குஸ்தான் மரங்கள் நிறைந்த அரசுத் தோட்டமும், மிளகுக் கொடி சுற்றிய மரங்களும், குரங்குகளுமாக இருக்கும் இந்த இடத்தில் நாங்கள் நின்றது சொற்ப நேரமே. ஆனால் அங்கே கண்ட ஒன்றை எழுதாமல் போக முடியவில்லை. நகரத்து வீடுகளில் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வைக்கிறோமே, மணி பிளான்ட் என்ற கொடி, அது இங்கே ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியிருந்தது; அதன் இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. அடியில், தரையோடு படர்ந்த அதே கொடியின் இலைகள் உள்ளங்கைக்கு மேல் இல்லை. பற்றி ஏற ஓர் உடலும், ஏறும் வழியெல்லாம் ஈரமும் கிடைத்தால்தான் இந்தக் கொடி தன் முழு வடிவத்தை எடுக்கும். பாட்டிலில் இருப்பது அதன் பால பருவம்; அங்கேயே எத்தனை ஆண்டு இருந்தாலும் அது குழந்தையாகவே இருக்கும்.

குன்னூர்

குன்னூரை அடைந்தபோது, ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும் என்ற பாடப் புத்தகக் கணக்குத் தோலுக்கே விளங்கியது. இங்குள்ள சிம்ஸ் பூங்கா 1874இல் அமைக்கப்பட்டது. மலையிடுக்கில் இயற்கையாக விழுந்த பள்ளத்தாக்கை மட்டம் செய்து பாழாக்காமல், அதன் சரிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு தோட்டமாக்கிய அந்தப் புத்தியை மெச்ச வேண்டும். சரிவு இருப்பதால் மேலே வெயில், நடுவே அரை நிழல், அடியில் ஓடை ஓரத்தில் முழு நிழல் என்று ஒரே தோட்டத்துக்குள் பல சீதோஷ்ணங்கள். அடிப்பள்ளத்தில் மரப் பெரணிகள், யானைத் தந்த வளைவோடு இளங்குருத்துகளைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றன. இங்கே கூரையும் வேண்டாம், வலையும் வேண்டாம். மரமும் மூடுபனியும் சேர்ந்து அந்த வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்துவிடுகின்றன.

பூங்காவுக்கு அப்பால் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் முதியவர் ஒருவரை நண்பர் மூலம் சந்தித்தோம். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாகச் சிறுவயதில் கப்பலேறி வந்து, நீலகிரியில் குடியமர்த்தப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்.

“ஹக்கலை பூந்தோட்டத்துக்கு எங்களப் பள்ளிக்கூடத்துல இருந்து நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க ஐயா. அங்க ஒரு பெரணி வீடு இருக்கு. உள்ள போனா வெளிய வர மனசு வராது. இந்தியாவுக்குப் போறோம்னு சொன்னப்ப ஒரே அழுகை. வந்து பாத்தா அதே குளிரு, அதே தேயிலை, அதே பெரணி. மனுசங்கதான் புதுசு” என்றார்.

அவர் சொன்ன ஹக்கலைத் தோட்டம் 1861இல் சிங்கோனா பயிரிடுவதற்காக ஏற்பட்டது. அதே காலத்தில், அதே சிங்கோனாவுக்காக, நீலகிரியிலும் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவுக்கு மருந்து தேடிய சாம்ராஜ்யம் கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே உயரத்தைத் தேர்ந்தெடுத்தது; கொய்னா தரும் பட்டைக்குப் பின்னால் தேயிலை வந்தது, தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் உழைத்தார்கள். ஆகவே அந்தச் சிறுவனுக்கு இரண்டு மலைகளும் ஒன்றுபோல் தோன்றியதில் அதிசயமில்லை.

ராஜ பிகோனியா என்று சொல்லத்தக்க ரெக்ஸ் பிகோனியாவை அவர் பெருக்கும் விதத்தை அருகிருந்து பார்த்தோம். வெள்ளியும் ஊதாவும் கருஞ்சிவப்புமாக நத்தை ஓடு போலச் சுருளும் இலையை உடையது அது. அஸ்ஸாம் மலைக் காடுகளின் குடிமகள்; ஐரோப்பாவுக்குப் போய், அங்கே 1857இல் தாவர நூலோரிடம் பெயர் பெற்று, பல கலப்பு ஜாதிகளாகப் பெருகி, நம் தேசத்துக்கே அலங்காரச் செடியாகத் திரும்பி வந்தவள். முதியவர் முற்றிய இலை ஒன்றைக் காம்போடு எடுத்துக் கவிழ்த்து வைத்தார். பிளேடால் பெரிய நரம்புகளைக் கிளை பிரியும் இடங்களில் மட்டும் கீறினார். ஈர மணல் மேல் இலையை விரித்து, கீறிய இடங்கள் மணலோடு ஒட்டியிருக்கும்படி சிறு கூழாங்கற்களைப் பாரமாக வைத்தார். மேலே ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து மூடினார். சில வாரங்களில் ஒவ்வொரு கீறலிலிருந்தும் ஒரு குட்டிச் செடி எழும் என்று பக்கத்துத் தட்டைக் காட்டினார். தாய் இலை பழுப்பேறி மக்கிக் கிடக்க, அதன் நரம்புகளின் வழியே நகக்கண் அளவு இலைகள், அப்போதே வெள்ளி வரியோடு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. விரல்கள் தடித்து நடுங்கும் வயதில் அந்தப் பிளேடு மட்டும் நடுங்காமல் சென்றதை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கும்பகோணத்தில் செய்ய முடியுமா என்று என் மனைவி கேட்டாள். “செய்யலாம்மா, முளைக்கும். ஆனா சித்திரையில அழுகிடும். ராத்திரியாவது குளிரணும் இதுக்கு. உங்க ஊர்ல ராத்திரியும் பகல்தானே” என்றார். எங்கள் ஊரைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

உதகமண்டலம்

குன்னூரிலிருந்து உதகைக்கு 1908இல் நீட்டப்பட்ட அந்தச் சிறிய ரயிலில், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று மெல்ல ஊர்ந்து ஏறினோம். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் பூண்டும் படிக்கட்டுப் பாத்திகளில் விளைந்திருந்தன. இறங்கியதும் சுடச்சுடத் தேநீரும் வர்க்கியும். அடுக்கடுக்காகப் பொரிந்து உதிரும் வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்பது இங்கத்திய நித்திய கர்மம். டிகிரி காபி குடித்துப் பழகிய நாக்குக்கு முதலில் சம்மதமில்லை, இரண்டாம் நாள் அதுவே தேடிப் போனது.

தொட்டபெட்டாவின் சரிவில் விரிந்திருக்கும் தாவரவியல் பூங்கா, வெள்ளையர்கள் மாதச் சந்தா கட்டிக் காய்கறி பயிரிட்டுக்கொள்வதற்காகத் தொடங்கிய நிலம். இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 1848இல் வந்த மக்ஐவர் என்பவரின் கைவண்ணத்தால் இன்றைய வடிவம் பெற்றது. இருபத்திரண்டு ஹெக்டேர் பரப்பில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தும், நாங்கள் நேரே போனது பெரணி வீட்டுக்கும் கண்ணாடி வீட்டுக்கும்.

மலையின் அடிவாரத்திலிருந்து நாங்கள் சுமந்து வந்த அபிப்பிராயங்கள் இங்கே தலைகீழாகின. கீழே கூரை என்பது வெப்பத்தை வெளியே நிறுத்துவதற்காக. இங்கே கூரை, வெப்பத்தை உள்ளே நிறுத்துவதற்காக. எங்கள் ஊரில் திண்ணையோரத்தில் கவலையின்றி வாழும் கோலியஸ், உதகையில் மார்கழி, தை மாதங்களின் ஓர் இரவைத் திறந்தவெளியில் கழித்தால் காலையில் வேகவைத்த கீரையாகத் தொங்கும். வானத்தில் மேகமும் காற்றில் அசைவும் இல்லாத இரவுகளில் பூமி தன் வெப்பத்தையெல்லாம் ஆகாயத்துக்குத் தாரை வார்த்துவிடுகிறது. புல்நுனிகளின் மேல் உறைபனி உப்புப் பூத்தது போல் வெளுத்துக் கிடக்கிறது. தோட்டக்காரர்கள் மாலையிலேயே மிலார் எனப்படும் காய்ந்த கிளைகளைப் பாத்திகளின் மேல் பரப்பி மூடுகிறார்கள். விடியலில், சூரியன் படுவதற்கு முன்பே, இலைகள் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். உறைந்த இலையில் வெயில் நேராகப் பட்டால் அது கருகிப்போகும் என்றார் ஓர் ஊழியர். குளிரால் வந்த காயத்தைக் கருகல் என்ற சொல்லாலேயே அவர் குறித்தபோது, கும்பகோணத்துக் கலேதியாவின் விளிம்பு எனக்கு நினைவு வந்தது.

பகலிலோ நிலைமை வேறு. காற்று மெலிந்த இந்த உயரத்தில் வெயில் குளிர்ந்த முகத்தோடு வந்து கடுமையாகச் சுடுகிறது. நடுப்பகலில் அரைமணி நேரம் புல்வெளியில் உட்கார்ந்திருந்ததில் என் மூக்கு சிவந்துவிட்டது. அதனால் கண்ணாடி வீட்டின் நிர்வாகம் இரட்டை வேலை: இரவின் குளிரையும் தடுக்க வேண்டும், பகலின் கூரிய ஒளியையும் தணிக்க வேண்டும். கோடை நெருங்கினால் கண்ணாடியின் மேல் சுண்ணாம்பு பூசி அதைக் குருடாக்குவது இத்தகைய வீடுகளில் பழைய வழக்கம்.

கண்ணாடிக்குள் செடி வாழும் என்ற ஞானமே தற்செயலாக வந்தது. 1829இல் லண்டன் வைத்தியர் வார்டு, ஒரு பூச்சியின் கூட்டுப்புழுவை மூடிய போத்தலில் ஈர மண்ணோடு வைத்திருக்க, பூச்சியை விட்டு மண்ணில் முளைத்த பெரணி அவர் கவனத்தைக் கவர்ந்தது. நகரத்தின் புகை மண்டிய காற்றில் அவர் தோட்டத்தில் மடிந்துகொண்டிருந்த பெரணி, போத்தலுக்குள், தன் மூச்சிலிருந்தே தனக்கு மழை பெய்துகொண்டு, ஆண்டுக் கணக்கில் செழித்தது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் தேயிலையும் சிங்கோனாவும் கடல் கடந்தன. பெட்டி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை: 1860இல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் பெரு நாட்டிலிருந்து கொணர்ந்த சிங்கோனாச் செடிகள் செங்கடலின் வெப்பத்தில் வெந்து, நீலகிரி வந்து சேர்ந்தும் பிழைக்கவில்லை, பின்னர் வந்த விதைகளிலிருந்தே மக்ஐவர் இங்கே தோட்டங்களை உண்டாக்கினார். கண்ணாடிக்கு ஈரத்தைச் சிறைப்பிடிக்கத் தெரியும். வெயிலை மன்னிக்கச் சொல்லத் தெரியாது.

கண்ணாடி வீட்டின் ஒரு மூலையில் வெறும் மண் நிறைந்த தொட்டிகள் அடுக்கியிருந்தன. கேட்டால், கலேடியம். இங்கும் தூக்கம்தான். எங்கள் வீட்டில் வறட்சி வந்து தாலாட்டிய கிழங்கை இங்கே குளிர் தாலாட்டியிருக்கிறது. பங்குனிக்குப் பின் எழுப்புவார்களாம்.

அவலாஞ்சி

உதகைக்கு மேற்கே, வனத்துறையின் வண்டியில்தான் போகவேண்டிய சோலைக் காடுகள் அவலாஞ்சியில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த இடம் இது. எங்கள் டெல்டாவில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 100 சென்டிமீட்டர். குன்றுகளின் முதுகெல்லாம் புல்வெளி. குன்றுகளுக்கு இடையேயுள்ள மடிப்புகளில் மட்டும் கருமையாக, குட்டையாக, குடை குடையாக மரங்கள் அடர்ந்த சோலை. இரண்டுக்கும் இடையே எல்லை, கத்தியால் வெட்டியது போன்ற நேர்மை. ரங்கநாதன் என்ற வனத்துறை அதிகாரி, இதற்கு உறைபனியே காரணம் என்று 1938இல் எழுதினார்: புல்வெளியில் விழுந்து முளைக்கும் சோலை மரக் கன்றுகளைப் பனி கொன்றுவிடுகிறது, சோலைக்கு உள்ளேயோ, மேலே மூடிய இலைக்கூரை பூமியின் வெப்பத்தை இரவில் தப்பவிடாமல் பிடித்து வைப்பதால், பனி இறங்குவதில்லை. பிற்காலத்தார் நெருப்பையும் மேய்ச்சலையும் சேர்த்துச் சொல்கிறார்கள். எப்படியாயினும், உதகையில் கண்ணாடியும் சுண்ணாம்பும் ஆட்களும் வைத்துச் செய்யும் காரியத்தை இந்தக் காடு தானே செய்துகொண்டிருந்தது.

சாலையோரமாகவே உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது. கிளைகள் எல்லாம் பாசி போர்த்து, அந்தப் பாசியில் பெரணிகள் முளைத்து, ஓடையோரத்துப் பாறைகளில் காட்டுப் பிகோனியாக்கள் ஈரம் சொட்ட ஒட்டிக்கொண்டிருந்தன. எங்களோடு வந்த வனக்காவலர், மழைக்காலத்தில் இங்கே புள்ளி போட்ட தண்டோடு குடை விரித்தாற்போல ஒற்றை இலை நீட்டும் செடி ஒன்று வரும், படமெடுத்த பாம்பு போலப் பூ விடும், கிட்டே போகப் பயப்படுவார்கள் என்றார். அடையாளம் கேட்டதும் புரிந்தது: அது சேனையும் சேம்பும் கலேடியமும் பிறந்த அதே குடும்பம். “இப்ப பாக்க முடியாதுங்க சார், அடியில கிழங்காத் தூங்குது” என்றார்.

இலை மக்கு ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாமா என்று என் மனைவி தயங்கிக் கேட்டதற்கு, அவர் மரியாதையாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், கூடாது என்று சொல்லிவிட்டார். சரியான காரியம்.

எமரால்டு

திரும்பும் வழியில் எமரால்டுக்கு அருகே ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர் ஒன்றில், நண்பரின் தாயார் வீட்டில் இரவு உணவு. ராகிக் களியும், உருளைக்கிழங்கு கலந்த அவரைக் குழம்பும். அவரை, அடுப்படிக்குப் பின்னாலேயே விளைந்தது. வெள்ளை முண்டும் தலைத்துணியுமாக நிமிர்ந்து நடந்த அந்த மூதாட்டி, என் மனைவியின் வாயிலிருந்து செடிகளைப் பற்றிய பேச்சு வந்ததும், அடுப்புக்கு அருகே ஒரு பெயின்ட் டப்பாவில் இருந்த செடியைக் காட்டினார். குரோட்டன்ஸ். கோயம்புத்தூரிலிருந்து பேரன் கொண்டுவந்ததாம். குளிருக்குப் பயந்து உள்ளேயே வைத்திருக்கிறார்கள். நான்கைந்து இலைகளே மிச்சம், அவையும் வெறும் பச்சை.

“இது உங்க ஊருல எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

“தெருவோரத்துல வேலியா நிக்கும் அம்மா. சிவப்பும் மஞ்சளுமா. வெயில் பட்டாத்தான் அந்த நிறமே வரும்.”

“அப்போ இத நெழல்ல வெச்சுக் கெடுத்துட்டோம். எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார், அத்தனை சுலபமாக.

பதிலுக்கு, ஆனி மாதம் கலேடியம் கிழங்குகள் அனுப்பி வைப்பதாக என் மனைவி வாக்களித்தாள். சேம்பு ஜாதிதான், ஆனால் இலை இன்னும் அழகாக இருக்கும் என்றாள். மூதாட்டி ஆவலோடு, கிழங்கை வேகவைத்துத் தின்னலாமா என்று கேட்டார். ஆகாது, தொண்டை அரிக்கும் என்றாள் இவள்.

“அப்ப வேண்டாம்மா” என்று சொல்லி, இன்னொரு களி உருண்டையை என் தட்டில் வைத்தார்.